டிரைவர் தலைமுடியில் சாராய வாடை

எழுபதுகளின் கடைசியில் போடி மேட்டுக்குத் தமிழ்நாட்டுப் பக்கம் ஓர் ஏலக்காய் எஸ்டேட் டிஸ்பென்சரியில் நான் நர்ஸ். மதுவிலக்கு இருந்த காலம். குடித்தவனை மோந்தே சொல்லிவிடுவேன் என்று எனக்குப் பேர். அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

ஒரு நாள் காலை ஆள் ஏற்றி வந்த எஸ்டேட் ஜீப்பு வளைவில் சறுக்கி, ஓரப் பள்ளத்தில் இறங்கிவிட்டது. மற்றவர்களுக்குச் சிராய்ப்போடு போயிற்று. டிரைவர் முருகேசனுக்கு மண்டையில் வெட்டு. காயத்தைச் சுற்றி முடியை வெட்டினேன். மிச்ச முடியில் அப்பியிருந்த சேற்றையும் ரத்தத்தையும் ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துக் கட்டுப் போட்டேன்.

சற்று நேரத்தில் மேனேஜர் வந்தார். முருகேசன் தலைப்பக்கம் குனிந்தவர் சட்டென்று நிமிர்ந்தார்.

"தண்ணி போட்டுட்டு வண்டி ஓட்டிருக்கான் சிஸ்டர். எழுதிக் குடுங்க. இன்னைக்கே சீட்டக் கிழிச்சிர்றேன்."

நானும் மோந்து பார்த்தேன். குப்பென்று அடித்தது. பேனாவை எடுத்துவிட்டேன்.

"சத்தியமா குடிக்கலக்கா. இந்தச் சோலி போச்சுன்னா ராசிங்காபுரத்துல எம்புள்ளைக பட்டினிதான்" என்று முருகேசன் கும்பிட்டான்.

அதே ஜீப்பில் வந்தவள், காய் எடுக்கும் தங்கம். முழங்கைக்கு மருந்து போட உட்கார்ந்திருந்தாள். "அக்கா, ஒங்க கையக் கொஞ்சம் மோந்து பாருங்க" என்றாள்.

பார்த்தேன். அதே வாடை. வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது.

மேனேஜர் லேசில் விடவில்லை. "ஸ்பிரிட் வாடை வேற, சாராய வாடை வேற. எனக்குத் தெரியாதா?"

"கொஞ்சம் குனிங்க சார்" என்று அவர் கிருதாவில் ஸ்பிரிட் பஞ்சால் ஓர் இழுப்பு இழுத்தேன். வெளியே நின்ற கங்காணியைக் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொன்னேன். அவர் பாவம், யோசிக்காமல், "என்ன சார், காலங்காத்தாலயேவா?" என்றார். தங்கம் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

முருகேசனை வெளிக்காற்றில் உட்காரவைத்து ஊதச் சொன்னேன். வெற்றிலை வாடைதான். வாயில் சாராய வாடை இல்லாததும் முழுச் சாட்சி ஆகாது. கண், பேச்சு, நடை எல்லாம் பார்த்தேன். பார்த்ததை மட்டும் எழுதினேன்: "தெளிவாக இருக்கிறார். முடியில் உள்ள வாடை நான் துடைத்த ஸ்பிரிட்." வேலை தப்பியது.

இப்போது முடியை லேபுக்கு அனுப்பியே மாதக் கணக்கில் குடித்ததைக் கண்டுபிடிக்கிறார்களாம். அங்கும் சாயம் போட்ட முடி குறைத்துக் காட்டலாம், ஸ்பிரிட் கலந்த லோஷன் தடவிய முடி கூட்டிக் காட்டலாம் என்று படித்தேன். இளைய நர்சுகளே, முடியை நம்புவதற்கு முன்னால், அதில் யார் என்ன தடவினார்கள் என்று கேளுங்கள். அன்றைக்குத் தடவியது நான். குடித்தான் என்று எழுதப் பேனாவை எடுத்ததும் நான்தான்.