தனியே வைத்த நாற்பத்தொரு வீடுகள்

எண்பத்தெட்டில் மானிப்பாய்ப் பக்கம் ஒரு நிவாரணக் கந்தோரில் வேலை செய்தேன். கொழும்பில் இரண்டு மாதம் பழகிவிட்டு வந்திருந்ததால், அங்கே இருந்த ஒரேயொரு கொம்பியூட்டரைத் தொடும் உரிமை எனக்கு மட்டும்தான். அந்த அறைக்குள் வருகிறவர்கள் செருப்பை வாசலில் கழற்ற வேண்டும் என்று சட்டம் போட்டவளும் நான்தான். பொறுப்பாளரே கழற்றிவிட்டுத்தான் வருவார். எனக்குத் தலைக்கனத்தில் குறைவில்லை.

முந்தின வருடச் சண்டையில் கூரை போன வீடுகளுக்குத் தகரம் கொடுப்பதற்காக விண்ணப்பம் எடுத்தோம். ஒரு வீட்டுக்கு ஒரு கோப்பு என்று தட்டச்சு செய்து, எல்லாவற்றையும் பிளொப்பித் தட்டில் படியெடுத்துக் கொழும்புக்கு அனுப்புவது என் வேலை. பிளொப்பியில் உள்ள பெயர்களைப் பார்த்துத்தான் அங்கே லொறியில் தகரம் ஏற்றுவார்கள். மாரி தொடங்குமுன் கூரை ஏற வேண்டும் என்பதால் எல்லாருக்கும் அவசரம்.

எங்கள் ஊரிலிருந்து நூற்று முப்பத்தேழு விண்ணப்பங்கள். அதில் நாற்பத்தொன்று வயற்கரைக் குடியிருப்பிலிருந்து வந்தவை. அந்தக் குடியிருப்பு ஆட்கள் எங்கள் வீட்டுக் கிணற்றில் தாங்களாக அள்ளக்கூடாது. நாங்கள் அள்ளி ஊற்ற, அவர்கள் குடத்தைப் பிடிக்க வேண்டும். அப்படியான வீட்டில் வளர்ந்தவள் நான். பெயர்கள் கலந்து வந்தால் ஊர்ப் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள் என்று பொறுப்பாளருக்குப் பயம்.

"அவையின்ரையை வேறையா வை, பிள்ளை" என்றார்.

ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவுமில்லை. இன்றைக்கும் என்னைக் கூச வைப்பது அதுதான். ஊர்க் கோப்புகள் இருந்த ஃபோல்டருக்குள் (அப்போது டைரக்டரி என்போம்) இன்னொன்றைத் திறந்து, நாற்பத்தொன்றையும் அதற்குள் போட்டேன். பிறகு படியெடுக்கும் கட்டளையைக் கொடுத்தேன். திரையில் பெயர்கள் வரிசையாக ஓடி முடிய, தொண்ணூற்றாறு கோப்புகள் படியெடுத்தாயிற்று என்று இயந்திரம் எழுதிக் காட்டியது. நான் அதை வாசித்தேன். சரி என்று பிளொப்பியை உறையில் போட்டு ஒட்டினேன்.

ஐப்பசி பிறக்குமுன் லொறி வந்துவிட்டது. அடுத்த நாள் காலையில், எங்கள் வெங்காயத் தோட்டத்தில் களை பிடுங்க வருகிற அம்மா ஒருவர் கந்தோருக்கு வந்தார். அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் யாரும் அவரை 'அவர்' என்று சொன்னதில்லை. கழற்றுவதற்குக் காலில் செருப்பில்லை. ஆனாலும் அறை வாசலுக்கு வெளியேதான் நின்றார். தங்கள் வயற்கரைப் பக்கத்தில் ஒருவருக்கும் பெயர் இல்லையாம் என்றார். மகள் பிள்ளை பெற்றுப் பத்து நாள்தான், உரப்பைகளைத் தைத்துத்தான் மேலே கட்டியிருக்கிறோம், மழைக்கு அது தாங்காது என்று, நன்றாகத் தேடிப் பார்க்கச் சொன்னார்.

தேடினேன். ஆடமாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் முதலில் பிளொப்பியைச் சந்தேகித்தேன். கையில் வைத்திருந்த இன்னொரு படியைப் போட்டுக் கோப்பு கோப்பாகத் திறந்தேன். திறந்ததெல்லாம் நன்றாக இருந்தது. புதுப் பிளொப்பி ஒன்றில் திரும்பப் படியெடுத்தேன். தொண்ணூற்றாறு. இன்னொன்றிலும் தொண்ணூற்றாறு. கடைசியில்தான் விண்ணப்பப் பதிவேட்டைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாகச் சரி போட்டேன். விடுபட்டவை நாற்பத்தொன்று. ஒன்று கூடவுமில்லை, குறையவுமில்லை.

இயந்திரத்தில் ஒரு பிழையுமில்லை. நான் கொடுத்த கட்டளை வெளியே கிடந்ததை மட்டும் எடுக்கும். உள்ளே இன்னொன்றை வைத்தால் அதற்குள் போகாது. அதைக் கொழும்பில் படித்துத்தான் வந்தேன். மறந்ததற்குக்கூட மன்னிப்பு உண்டு. ஆனால் தொண்ணூற்றாறு என்று அது எழுதியே காட்டியதே? ஊர் என்றால் என் மனதிலும் தொண்ணூற்றாறு வீடுதான் இருந்திருக்கிறது. அதனால்தான் அந்த எண் எனக்கு உறுத்தவில்லை.

பொறுப்பாளரிடம் சொன்னேன். "பிளொப்பி வழியிலை பழுதாப் போச்செண்டு சொல்லு" என்றார். நான் வாசலுக்குப் போய் அதையே சொன்னேன். பாவம் ஓரிடம், பழி ஓரிடம். அந்த அம்மா தலையாட்டிவிட்டுப் போனார்.

அன்றைக்கே எல்லாக் கோப்புகளையும் ஒன்றாகக் கலந்து, இரண்டு பிளொப்பிகளில் எடுத்து, நூற்று முப்பத்தேழும் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்து அனுப்பினேன். தகரம் வந்து சேரத் தை பிறந்துவிட்டது. கார்த்திகை, மார்கழி மழை முழுவதையும் அந்தப் பச்சைக் குழந்தை உரப்பைக்குக் கீழே கழித்தது. மழை இரைகிறபோதெல்லாம் எங்கள் ஓட்டு வீட்டுக்குள் எனக்கு அந்த உரப்பைதான் நினைவில் வந்தது.

தகரம் கொடுத்த நாளில் அந்த அம்மா வந்தார். பின்னால் மகள், தோளில் இருமுகிற குழந்தை. பதிவேட்டையும் மைப்பெட்டியையும் நான் வாசலுக்கு எடுத்துப் போனேன். அவர் விரலை மையில் வைக்கவில்லை. என்னைப் பார்த்தார். குரலில் கோபமில்லை.

"பழுதாப் போன சாமானுக்கு எங்கடை வீடுகளை மட்டும் எப்பிடிப் பிள்ளை தெரிஞ்சது?"

மூன்று மாதமாக அந்தக் கேள்விக்குப் பயந்திருந்தேன். மைப்பெட்டியை இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் தள்ளினேன். அவர் பெருவிரலை ஒற்றி, மையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு படியிறங்கினார். உள்ளே வாருங்கோ என்று அன்றைக்கும் நான் சொல்லவில்லை.