திரையில் ஓடிய வாழ்த்து

வீட்டுக் கல்யாணத்துக்குக் கணினியில் ஏதாவது புதுமை செய்ய நினைப்பவர்கள் முதலில் இதைப் படித்துவிடுங்கள்.

அப்போது நான் நிரல் எழுதப் பழகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. எங்கள் ஊர் புந்தோங்கில் அக்காவின் கல்யாண விருந்து. மேசைதோறும் ஒட்டியிருந்த கியூஆர் குறியைக் கைப்பேசியில் பிடித்தால் நான் செய்த ஒரு படிவம் திறக்கும். அதில் எழுதுகிற வாழ்த்து உடனே மண்டபத்துப் பெரிய திரையில் ஓடும்.

வருவதை அப்படியே காட்டக் கூடாது என்று வகுப்பில் சொல்லித்தான் இருந்தார்கள். எல்லாரும் நம் சொந்தக்காரர்கள்தானே என்று நான் எந்தச் சோதனையும் வைக்கவில்லை. கூச்சப்படுவார்களே என்று பெயர்கூடக் கேட்கவில்லை.

சோறு பரிமாறும்போது திரையில் இது வந்தது: “மொத நிச்சயம் நின்னுபோன பொண்ணுதானே? இந்த மாப்பிள்ளையாச்சும் ஓடாம இருக்கணும் லா.”

ஒரு மேசையில் சிரித்தார்கள். “டேய் தம்பி, அத அழி லா!” என்று மாமா கத்தினார். அழிக்கிற வசதியை நான் எழுதவே இல்லை. மற்ற வாழ்த்துகளோடு அதுவும் திரும்பத் திரும்ப வந்தது. கடைசியில் ஒயரைப் பிடுங்கினேன்.

அக்கா அழவில்லை. “எழுதுனது யாருன்னு தெரியுமாடா?” என்றாள்.

“தெரியாதுக்கா.”

“காலையில கோயில்ல எல்லார் கால்லயும் விழுந்தேன். அந்த ஆளு கால்லயும் விழுந்திருப்பேன்ல?”

இப்போது நான் படித்து அனுமதிக்காமல் ஒரு வரியும் திரைக்குப் போகாது. போன மாதம் பாகான் செராயில் ஒரு கல்யாணத்துக்குச் செய்து கொடுத்தேன். திரை முழுக்க நல்ல வாழ்த்துதான். தடுத்து வைத்ததையெல்லாம் படித்துக்கொண்டே, அவற்றை எழுதியவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டேன்.