சீட்டுக்குப் பதிலாக வி.ஐ.பி.

ஆலங்குடி கம்ப்யூட்டர் சென்டரில் பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழி நடத்திக்கொண்டிருந்த என் வேலைக்கு வேட்டு வைக்கப் பார்த்தது ஒரு ஆர்ட்டின் ராஜா.

அன்றைய பாடம், சீட்டுக்கட்டின் சீட்டுகளைப் புரோகிராமில் ஆப்ஜெக்ட்டாக எழுதி ஒப்பிடுவது. இரண்டு சீட்டை உருவாக்கி எது பெரியது என்று கேட்டால் பைத்தான் டைப் எரர் என்று தப்புக் காட்டும். அதற்குத் தெரியாது. `__lt__` என்று ஒரு மெத்தட் எழுதி, எது எதைவிடச் சின்னது என்று நாம்தான் சொல்ல வேண்டும்.

"எது பெருசுன்னு நீங்களே சொல்லுங்க" என்றேன். பாதி வகுப்பு ஆஸ் என்றது. முந்நூற்று நாலு என்ற சீட்டாட்டம் ஆடுகிற வீட்டுப் பிள்ளைகள் ஜாக்கிதான் என்று ஒற்றைக்காலில் நின்றார்கள். அந்த ஆட்டத்தில் ராஜாகூட ஜாக்கிக்குக் கீழேதான். வகுப்பு சந்தைக்கடை ஆனது.

மறுநாள் ஒரு மாணவியின் அம்மா ஓனரிடம் வந்துவிட்டார். "எம்மக வீட்டுல உக்காந்து ஆர்ட்டின் ராஜா, கிளாவர் ராணின்னு எழுதுறா. இதுக்காங்க ஃபீஸ் கட்டுறேன்?"

ஓனர் முந்திரி வியாபாரி. சென்டர் அவருக்குக் கௌரவத்துக்கு. "மேடம், இது சென்டரா, கிளப்பா? இன்னொரு கம்ப்ளைண்ட் வந்துச்சுன்னா நீங்க வேற இடம் பாத்துக்குங்க" என்றார். ஐம்பதைத் தாண்டியவளுக்கு வேறு இடம் யார் தருவார்? பயந்துபோனேன்.

மாற்றுவழியும் அவரே சொன்னார். ஆண்டு விழா நெருங்கிக்கொண்டிருந்தது. "சீட்டுக்குப் பதிலா நம்ம வி.ஐ.பி.ங்கள வச்சு நடத்துங்க. விழாப் பத்திரிகையில யாரு பேரு மேல வரணும்னு கம்ப்யூட்டரே சொல்லிரும்ல." பெயர்களையும் தானே உட்கார்ந்து டைப் அடித்துக் கொடுத்தார்.

பிள்ளைகள் உற்சாகமாக எழுத ஆரம்பித்தார்கள். பேரூராட்சித் தலைவர் பதவியில் இருக்கிறவர்; ஆகவே ரைஸ் மில்காரருக்கு மேல். மில்காரர் முன்னாள் தலைவரின் பெண்ணை மருமகளாக எடுத்தவர்; மாப்பிள்ளை வீடு, ஆகவே முன்னாளுக்கு மேல். முன்னாளோ இப்போதைய தலைவரை அரசியலுக்குக் கூட்டி வந்தவர். ஆகவே தலைவருக்கும் மேல். மூன்றும் நியாயம். ஆனால் பெயர்களை இடம் மாற்றிக் கொடுத்து ஓட்டும்போதெல்லாம் வரிசையும் மாறியது.

"கம்ப்யூட்டருக்கே தல சுத்துதா?" என்றார் ஓனர்.

"அதுக்கு ஒண்ணும் ஆகல சார். நாமதான் வட்டமா எழுதியிருக்கோம்."

"அப்ப ஒண்ணு பண்ணுங்க. எல்லாரும் சமம்னு போட்டுருங்க. யாருக்கும் வருத்தம் இருக்காது."

யாரும் யாரைவிடவும் சின்னவர் இல்லை என்று மெத்தட்டை மாற்றினோம். இந்தத் தடவை, அவர் டைப் அடித்த வரிசை அப்படியே வந்தது. முதல் பெயர் ஓனருடையது. "இப்பத்தான் கரெக்ட்டா வேலை செய்யுது" என்று பிரஸ்ஸுக்கு அனுப்பிவிட்டார்.

விழாவன்று முன்னாள் தலைவர் பத்திரிகையைக் கையில் சுருட்டிக்கொண்டு வந்தார். "எம் பேரு கடைசியில கெடக்கு. யாரு போட்ட வரிசை இது?"

"மேடம்தாங்க கம்ப்யூட்டர்ல போட்டாங்க" என்று ஓனர் என் பக்கம் கையைக் காட்டினார்.

பயத்தைவிட ஆத்திரம் அதிகமாக வந்தது. "நாங்க எல்லாரும் சமம்னுதாங்கய்யா எழுதுனோம். சமம்னு சொல்லிட்டா, டைப் அடிச்ச வரிசையிலயே பேரு நிக்கும்" என்றேன்.

"அடிச்சது யாரு?"

வகுப்பு மொத்தமும் ஓனரைப் பார்த்தது. முன்னாள் தலைவர் மேடையேறி, ஓனருக்குப் போட்டிருந்த நடு நாற்காலியில் உட்கார்ந்தார். தலைமையுரைக்கு வந்த ஓனர், ஓரமாக நின்று நன்றியுரை சொன்னார்.

மறுநாள் கூப்பிட்டு அனுப்பினார். கணக்கு முடிக்கத்தான் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

"சீட்டே நடத்துங்க மேடம். அந்தம்மா வந்தா நான் பேசிக்கிறேன். சீட்டு எதுவும் வந்து சட்டையப் புடிக்காது."

பைத்தான் படிக்க வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். ஆஸோ ஜாக்கியோ, எது பெரியது என்று தைரியமாக எழுதிவிடுங்கள். சமம் என்று எழுதினால், பட்டியல் போட்டவர் முதல் ஆளாக உட்கார்ந்துவிடுவார்.