அடுப்படியில் மஞ்சள் பாதம்

என் மகன் ஒரகடத்தில் கார் பாகம் செய்யும் கம்பெனியில் சூப்பர்வைசர். போன வாரம் லீவு போட்டு எங்கள் சமையல்கட்டைத் திருத்தி அமைத்தான். டப்பாவுக்கெல்லாம் பேர் ஒட்டினான். அடுப்புக்கு முன்னால் தரையில் மஞ்சள் டேப்பில் இரண்டு பாதம்.

"இன்னாடா இது?"

"ஆபரேட்டர் நிக்கிற இடம்மா."

இத்தனை வருஷமாக நான் எங்கே நின்று சமைத்தேனோ, முருகனுக்குத்தான் வெளிச்சம்.

இன்று கிருத்திகை. வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குச் சர்க்கரைப் பொங்கல் கொண்டுபோக வேண்டும். பொங்கல் வைக்கும் வெண்கல உருளியைக் காணோம்.

"ஒரு வாரமா நீ அத்த தொடவே இல்லம்மா. எங்க கம்பெனில தொடாத பொருள் வேல நடக்குற லைன்ல இருக்கக் கூடாது. பாத்ரூம் பரண்ல கீது."

"சாமிக்குப் பொங்குறத கக்கூஸ் மேலயா வெச்ச, பாவி!"

இறக்கி, புளி போட்டுத் தேய்த்ததில் நேரம் போய்விட்டது. கக்கூஸ் பரணைத் தொட்டதால் நான் மறுபடி தலை முழுக வேண்டும். ஏற்கெனவே குளித்துவிட்டு காபிக்கு நின்ற மகன் கையில் கரண்டியைக் கொடுத்தேன்.

"அந்தப் பாதத்துல நின்னுகினு கிண்டு. அடிபுடிச்சா முருகனுக்கு நீயே பதில் சொல்லு."

"இது உன் கால் சைசும்மா. எனக்குப் பத்தல."

"சாயந்தரம் உன் சைசுக்கு மாத்தி ஒட்டிக்கோ. இனிமே நீதான நிக்கப்போற."

பொங்கல் அடிபிடிக்கவில்லை. டேப்பும் மிச்சம் இருக்கிறது. உங்கள் வீட்டில் யார் காலுக்கு அளவு எடுக்கலாம், சொல்லுங்கள்.