தேவகியின் நிறம்

தாம்பரம் பக்கம் வீடுவீடாக இலவசமாகப் போடும் வாரப் பத்திரிகை ஒன்றில் நான் கார்ட்டூனிஸ்ட். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அச்சில் பெயர் வந்த முதல் ஆளும் நான்தான். அந்தப் பெயருக்கு மேலே இருந்த படத்தைப் பார்த்ததும் எரிச்சலில் பத்திரிகையைக் கசக்கிப் போட்டேன்.

நான் வரைந்த தேவகி என்னைப் போல நல்ல கறுப்பு. முடிச்சூரில் சொந்த ஃபிளாட் வாங்கிய இன்ஜினியர். அசோசியேஷன் மீட்டிங்கில் யாரையும் கேள்வி கேட்பாள். அச்சில் வந்தவளோ ரோஸ் நிறத்தில் இருந்தாள். பக்கத்தில் நின்ற வாட்ச்மேனுக்கு மட்டும் கறுப்பை விட்டுவைத்திருந்தார்கள்.

கம்ப்யூட்டரில் பக்கங்களை லேஅவுட் செய்து படங்களுக்கு நிறம் போடும் பாபு அண்ணாவிடம் போனேன்.

“ஸ்கின் கலர்னு ஒண்ணு சேவ் பண்ணி வெச்சிருக்கேன்மா. ஹீரோயின்னா அதான். பக்கெட்ட எடுத்து ஒரு கிளிக், முடிஞ்சுது.”

“அப்போ வாட்ச்மேனுக்கு?”

“வாட்ச்மேனுக்கு வேற சேவ் பண்ணியிருக்கேன்.”

ஆசிரியரிடம் போனேன். “கறுப்பா போட்டா வேலைக்காரம்மான்னு நெனைச்சுப்பாங்கம்மா, ஜோக்கே புரியாது. உனக்குப் பிடிக்கலன்னா சொல்லு, அந்த எடத்துல கோலப்போட்டி வெச்சுக்கலாம்” என்றார். அவரும் என் நிறம்தான்.

அடுத்த வாரம் ‘நிறத்தை மாற்ற வேண்டாம்’ என்று படத்தின் ஓரத்தில் எழுதி அனுப்பினேன். பாபு அண்ணா அந்தக் குறிப்பை அழித்துவிட்டு ரோஸ் போட்டார். அதற்கடுத்த வாரம் அவர் பக்கத்திலேயே நின்றேன். “டீ குடிச்சியாம்மா?” என்றார். குடித்துவிட்டு வருவதற்குள் பக்கம் பிரஸ்ஸுக்குப் போயிருந்தது.

அமெரிக்காவில் கறுப்பினத்தவரின் செய்தித்தாள்களில் படம் போட்ட முன்னோடிப் பெண் ஒருவரைப் பற்றிப் படித்திருக்கிறேன். மற்றவர்கள் அவர் இனத்துப் பெண்களைச் சமையல்காரிகளாகவே வரைந்த காலத்தில், அவர் தம் நாயகிகளுக்கு நல்ல உடையும் கூர்மையான வாயும் கொடுத்தார். அவருக்கு ஒரு பாபு அண்ணா வாய்க்கவில்லையே என்று பொறாமையாக இருந்தது. ஆனால் அந்தக் காலத்துக் கறுப்பு-வெள்ளைப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. நிறத்தை மையிலேயே போட்டுவிடலாமே!

கம்ப்யூட்டரில் பக்கெட்டால் ஊற்றும் நிறம், மூடிய கோட்டுக்குள்தான் நிற்கும்; இடைவெளி இருந்தால் வெளியே வழிந்துவிடும். தேவகியின் நெற்றி, கன்னம், கழுத்து எல்லாவற்றையும் நெருக்கமான குறுக்குக் கோடுகளால் நிரப்பினேன். முகத்தின் வெளிக்கோட்டை முழுதாக மூடாமல் ஆங்காங்கே இடைவெளி விட்டேன்.

பிரஸ்ஸுக்கு அனுப்பும் நேரத்தில் ஃபோன் வந்தது.

“ஏம்மா, மூஞ்சில கிளிக் பண்ணா பின்னாடி செம்பாக்கம் ஏரி ரோஸாவுது!”

“அப்போ கிளிக் பண்ணாதீங்கண்ணா.”

“கோட்ட க்ளோஸ் பண்ணி வேற படம் அனுப்பு.”

“வேற இல்லண்ணா.”

“இத்தினி கோட்டுக்கு நடுவுல நான் எப்போ கலர் போடுறது? பேஜார் புடிச்ச வேலைமா இது!”

தேவகி கறுப்பாகவே அச்சேறினாள். வந்த புகார் ஒன்றே ஒன்று. அஸ்தினாபுரத்தில் ஏதோ ஒரு அசோசியேஷன் செயலாளர் ஆசிரியருக்கு ஃபோன் செய்து கத்தினார்: “லிஃப்ட் ஏன் ஓடலன்னு அந்த லேடி கேக்குறது என்னைத்தானே சார்?”

இந்த வேலைக்கு வரும் பெண்களுக்கு ஒன்று சொல்வேன். ஓரத்தில் குறிப்பு எழுதிக் கெஞ்சாதீர்கள். மாற்ற முடியாதபடி வரைந்து அனுப்புங்கள்.