நேராக வீட்டுக்கு

அந்தத் திங்கட்கிழமையைத் தேர்ந்தெடுத்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால், விஷயம் தெரிந்தவர்கள் எல்லோரும் என் மாமியாரைத்தான் குறை சொன்னார்கள். அத்தை அன்று காலையிலேயே தடுத்துப் பார்த்தார்.

மகளுக்கு ஒன்றரை வயதில் காய்ச்சலோடு வலிப்பு வந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்துகொண்டு, காஞ்சிபுரத்தில் இருக்கும் பல்லவர் காலத்துச் சிவன் கோயில் ஒன்றுக்கு வேண்டிக்கொண்டேன். அங்கே கருவறையைச் சுற்றி ஒரு குறுகிய பாதை உண்டு. தவழ்ந்துதான் உள்ளே போக வேண்டும், தவழ்ந்துதான் வெளியே வர வேண்டும். வந்தால் புதுப்பிறவி என்பார்கள். அவளை அவளுடைய அப்பா அதில் சுற்றிக் கூட்டிவருவார் என்று சாமியிடம் சொல்லிவிட்டேன், அவரைக் கேட்காமலேயே.

காய்ச்சலில் சில குழந்தைகளுக்கு இப்படி வரும், வளர்ந்தால் போய்விடும் என்றார் டாக்டர். நான் பி.எஸ்சி. படித்தவள். அவர் சொன்னது புரிந்தது. ஆனாலும் ஒரு வருடமாக வேண்டுதலைச் செய்யாமல் இருந்ததில், மகள் ஒரு தும்மல் போட்டால்கூட நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். பிறகு ஒரு வாரம் இருமினாள். வருகிற திங்கட்கிழமை போயே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

என் கணவருக்கு ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. அது நைட் ஷிப்டு வாரம். லைனில் ஆள் குறைகிறது என்று ஞாயிற்றுக்கிழமை மதியமே கூப்பிட்டுவிட்டார்கள். இரண்டு ஷிப்டும் சேர்த்துப் பார்த்துவிட்டு, காலை ஏழு மணிக்குச் சேரப்பணஞ்சேரி முனையில் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார். ஏழரைக்கு ராகுகாலம் தொடங்கிவிடும்.

“இன்னாம்மா இது, கண்ணு ரெண்டும் செவந்து கீது அவனுக்கு. அடுத்த வாரம் போய்க்கலாம். சாமி எங்கியும் ஓடிடாது” என்றார் அத்தை.

“குளிச்சா சரியாயிடும் அத்தை.”

அவர் சிரித்துக்கொண்டே துண்டை எடுத்தார். “வுடும்மா, போய்ட்டு வந்துடலாம். இல்லன்னா உன் மருமவ வருஷம் பூரா மூஞ்சியத் தூக்கி வச்சிக்கினு இருப்பா.”

ஏழு இருபத்தைந்துக்கு அவர் ஓட்ட, எங்கள் கார் தெருவைத் தாண்டியது. அத்தை முன்சீட்டில் உட்கார்ந்தார். நான் மகளை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் இருந்தேன். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. அங்கிருந்து அவருடைய கண்கள் மட்டும் கண்ணாடியில் தெரிந்தன. போகும்போது நிறையப் பேசினார். சூப்பர்வைசர் தன் ஹெல்மெட்டைத் தலையில் வைத்துக்கொண்டே அதைத் தேடிய கதையைச் சொன்னார். நாங்கள் சிரித்தோம். வாலாஜாபாத் தாண்டியதும் அதே கதையை முதலிலிருந்து சொன்னார். அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் மறுபடியும் சிரித்து வைத்தேன்.

கோயிலில் கூட்டமே இல்லை. மழையும் வெயிலும் தின்ற மணற்கல் சிங்கங்கள் வரிசையாக நின்றன. குருக்கள் காட்டிய வழியில் மகளை முன்னால் விட்டு, அவர் பின்னால் தவழ்ந்து உள்ளே போனார். நான் வெளியே வரும் துளைக்கு எதிரில் நின்றுகொண்டேன். உள்ளிருந்து மகளின் சிரிப்பு கேட்டது. பிறகு “அப்பா” என்று ஒருமுறை. பிறகு ஒன்றும் இல்லை.

“மெதுவா சுத்தறான் போல” என்றார் அத்தை.

இன்னும் கொஞ்ச நேரம் நின்றேன். அதற்கு மேல் முடியவில்லை. வெளியே வரும் துளை வழியாகவே உள்ளே தவழ்ந்தேன். அப்படிப் போகலாமா என்று யாரையும் கேட்கவில்லை. இருட்டு, வௌவால் நாற்றம், குளிர்ந்த கல். திருப்பத்தில் அவர் சுவரில் சாய்ந்து, வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். மகள் அவருடைய மடியில் உட்கார்ந்து இமையைத் திறந்து பார்க்க முயன்றுகொண்டிருந்தாள்.

வெளியே வந்ததும் அத்தை சொன்னார். “வாலாஜாபாத்துல என் தம்பி வூடு கீது. ரெண்டு மணி நேரம் சாஞ்சிட்டுப் போவட்டும்.”

“கோயிலுக்குப் போய்ட்டு நேரா வீட்டுக்குத்தான் போகணும் அத்தை. வேற வீட்ல நுழைஞ்சா பலனெல்லாம் அங்கியே போயிடும்.”

“எனக்கும் தெரியும்மா, நானுந்தான் அதைச் சொல்றவ. தூங்கறவனுக்கு இன்னா சட்டம்?”

“ஒரு டீ குடிச்சா போதும்” என்றார் அவர். நான் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டேன்.

டீ பத்து நிமிடம்தான் தாங்கியது. கண்ணாடியில் அவருடைய இமைகள் இறங்கி, மெதுவாக ஏறின. நான் ஏதேதோ கேட்டேன். “ம்” என்ற பதில் வெகுநேரம் கழித்து வந்தது. கார் நடுக்கோட்டை நோக்கிச் சாய்ந்தபோது, மகளின் தொடையில் கிள்ளினேன். அவள் வீறிட்டாள். “இன்னாடா செல்லம்?” என்று அவர் நிமிர்ந்தார். கார் நேரானது. மகள் ஓயும்வரை அவர் விழித்திருந்தார்.

இரண்டாவது முறையும் அது பலித்தது. “புள்ளைக்கு இன்னாம்மா, வயித்து வலியா?” என்றார் அத்தை. “தூக்கம் வருது போல” என்றேன். நின்று போகலாம் என்று சொல்ல வாய் வரை வந்தது. இன்னும் கொஞ்ச தூரம்தானே என்று விழுங்கிவிட்டேன்.

மூன்றாவது முறை நகம் அழுந்தியது. மகள் மூச்சு அடைத்துப்போகும் அளவுக்குக் கத்தினாள். கண்ணாடியில் அவருடைய கண்கள் மூடியே இருந்தன.

எதிரே ஜல்லி ஏற்றிய டிப்பர் லாரி வந்தது. “டேய்!” என்று அத்தை அவருடைய தோளில் ஓங்கி அறைந்ததும், வண்டி இடப்பக்கம் மண்ணில் இறங்கிக் குலுங்கியதும், ஹாரன் காதைக் கிழித்துக்கொண்டு போனதும் ஒரே நொடியில் நடந்தன. கார் நின்றது. மகள்கூட அழுகையை நிறுத்திவிட்டாள்.

“தம்பி வூட்டுக்குத் திருப்புடா” என்றார் அத்தை. என்னைக் கேட்கவில்லை. போய்ச் சேரும்வரை அவருடைய தோளிலிருந்து கையை எடுக்கவும் இல்லை.

அந்த வீட்டுக் கூடத்தில் பாய் விரிப்பதற்குள் அவர் தரையில் சாய்ந்துவிட்டார். நான் வாசலில் நின்ற காரின் கதவைத் திறந்து வைத்து, மகளோடு சீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். “உள்ள வாம்மா, வெயில் கொளுத்துது” என்று தம்பியின் மனைவி இரண்டு முறை கூப்பிட்டார். இருக்கட்டும் என்றேன். நாங்கள் இரண்டு பேராவது நுழையாமல் இருந்தால் வேண்டுதல் மிஞ்சும் என்று உண்மையாகவே நினைத்தேன்.

அத்தை சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து மகளுக்குக் குடிக்கக் கொடுத்தார். கவுன் நனைந்தது. துடைக்கத் தூக்கியவர் தொடையைப் பார்த்துவிட்டார். இரண்டு சிவந்த தடங்கள். மூன்றாவதில் ரத்தம் கசிந்து காய்ந்திருந்தது.

“எறும்பா?”

“ஆமாம் அத்தை.”

ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுப் பார்த்தார். சீட்டில் எறும்பு இருக்கிறதா என்று தேடவில்லை. பிறகு மகளை என் மடியிலிருந்து தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

“நீ வேணா இங்கியே குந்திக்கோ” என்று சொல்லிவிட்டு உள்ளே நடந்தார்.

வாசற்படியைத் தாண்டும்போது மகள் அவருடைய தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தாள். கையை நீட்டவில்லை.