கஞ்சிக்குள் ஈதர்

பள்ளிவாசல் அண்டாவில் நோன்புக் கஞ்சி கிண்டுகிறார்கள். பூண்டும் வெந்தயமும் மணக்க மணக்க, சிராங்கூன் ரோட்டில் எங்கள் பழைய வீட்டு அடுப்படிக்கே போய்விட்டேன்.

அத்தா வாரப் பத்திரிகையில் ஈதரைப் பற்றி எழுதுவார். வானமெங்கும் அது நிரம்பியிருக்கிறதாம், ஒளி அதில்தான் அலையலையாக வருகிறதாம். அப்படியானால் பூமி ஓடும்போது அது ஏன் எதிர்க்காற்றுப் போல வீசவில்லை என்று யாராவது கேட்டால், கஞ்சிக்குள் கரண்டியை இழுத்துக் காட்டுவார்.

"கரண்டியோட கஞ்சியும் ஒட்டிக்கிட்டு வருது பாருங்க. பூமியும் ஈதரை அப்படித்தான் இழுத்துக்கிட்டுப் போகுது."

இதைப் பள்ளிக்கூடத்தில் சொன்னேன். ஈதரே கிடையாது என்று வாத்தியார் சிரித்தார். "எங்க அத்தா பொய் எழுத மாட்டாங்க சார்" என்றேன். பிரம்படி விழுந்தது.

வீங்கிய கையோடு வீட்டுக்கு வந்தால், அத்தா விருந்தாளியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "ஈதரா? அதை நம்புறத நான் எப்பவோ விட்டுட்டேன். ஜனங்க விரும்பிப் படிக்கிறாங்க, எழுதுறேன்."

அன்று நோன்பு திறக்க அவர் நீட்டிய கஞ்சியை நான் வாங்கவில்லை.

இங்கே கரண்டியோடு கஞ்சி இன்னமும் ஒட்டிக்கொண்டுதான் வருகிறது. விட்டுவிட்டதை அவர் என்னிடமும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.